சாவு வீட்டில் தேறிய பாட்டு

மார்கழி வந்தால் மயிலாப்பூரில் கச்சேரி களைகட்டும். ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை நீளும் எங்கள் கரையில் கச்சேரிக்கென்று தனியாக மாதம் கிடையாது. எந்தத் தெருவில் சாவு விழுகிறதோ, அந்தத் தெருவில் அன்று ராத்திரி சாமியானா கட்டி, நாற்காலி இறக்கி, சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியை அடுக்கிவிட்டால் கச்சேரிதான். விடிய விடிய நடக்கும். அதற்கு விமர்சகர்களும் உண்டு. செத்தவரின் மனைவி, மச்சான், கூட வேலை பார்த்தவர்கள், எதிர்வீட்டுப் பாட்டி எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மனசு அசையவில்லை என்றால் எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் அடுத்த சாவுக்கு அந்தத் தெருவில் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

கானாவின் வழிகளைப் பற்றி இந்த மலருக்கு எழுதவேண்டும் என்றதும் மனசில் முதலில் வந்தது இந்த முன்வரிசைதான். ரயில் கானா, போட்டிக் கானா, மேடைக் கானா, சினிமாக் கானா, இப்போது கிட்டாரும் டிரம்ஸும் வைத்துப் பேண்டாக நின்று பாடும் கானா என்று கிளைகள் நிறைய விட்டுவிட்டன. எல்லாவற்றையும் உரசிப் பார்க்கும் கல் மரண கானா ஒன்றுதான் என்பது என் முடிவு. விம்கோ நகரிலிருந்து பார்க்கிற ஒரு ரசிகனின் முடிவாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல மரண கானாப் பாடகர் வந்தவுடன் மைக்கைத் தொடமாட்டார். வீட்டு ஆள் ஒருவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போவார். "வூட்ல எப்டி கூப்புடுவீங்கண்ணா? இன்னா வேலைக்குப் போனாரு? பசங்க எத்தினி பேரு? யாரு மேல உசுரு?" சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் அச்சாகியிருக்கும், பாதி வேலை அதில் முடிந்துவிடும். மீதிப் பாதி, போஸ்டரில் இல்லாதது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரா, காசிமேட்டில் ஏலம் கூவியவரா, எந்த டீக்கடையில் உட்காருவார், யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் போனது என்பதெல்லாம் கேட்டுத்தான் தெரிய வேண்டும். அதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்திலோ செல்போனிலோ குறித்துக்கொண்டு டோலக்காரர் பக்கத்தில் போய் உட்காருவார். பத்து மணிக்குக் கேட்ட பெயர் பதினோரு மணிக்கு எதுகையில் விழவேண்டும். இதைத்தான் கானா கட்டுவது என்கிறோம்.

பாட்டு தொகையறாவில் தொடங்கும். தாளம் கிடையாது, குரல் தனியாக இழுத்துக்கொண்டு போகும். சாமியானாவுக்கு வெளியே சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைப்பது இந்த இடத்தில்தான். தொகையறாவின் கடைசிச் சொல்லை விட்ட கையோடு டோலக் பிடித்துக்கொள்ளும். ஆறு எண்ணிக்கைத் தாளம், ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். அழுது களைத்தவர்கள் காலைக்கூட அது ஆட்டிவிடும். ராத்திரிக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வீட்டுக்குத் தகுந்தபடி பிள்ளையாரோ மாதாவோ அல்லாவோ. அப்புறம் தாய் பாட்டு, தத்துவம். அம்பேத்கருக்கு ஒரு பாட்டு, சில தெருக்களில் எம்.ஜி.ஆருக்கும் ஒன்று. ரெண்டு மணிக்கு மேல் தூக்கம் வராமலிருக்கச் சிரிப்புப் பாட்டு. பால் வண்டி வரும் நேரத்துக்குப் பாட்டு மறுபடி செத்தவரிடம் வந்துவிட வேண்டும். நடுவில் எங்கே சுற்றினாலும் திரும்பிவரத் தெரிந்தவரையே எங்கள் பக்கம் வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த வழியின் முதல் தரம், பொய் சொல்லக்கூடாது. குடித்துக் குடித்துச் செத்தவரை உத்தமர் என்று பாடினால் முன்வரிசையில் இருக்கும் மனைவிக்குத் தெரியும். அவர் குடித்ததையும் சொல்லவேண்டும். குடித்துவிட்டு வந்த ராத்திரியிலும் பிள்ளைக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்ததையும் சொல்லவேண்டும். இரங்கற்பா எழுதுகிற படித்தவர்களுக்கு இந்தத் துணிச்சல் அரிதாகவே வருகிறது. சங்கப் புலவர்களின் கையறுநிலைப் பாட்டோடு இதை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. அங்கே செத்தவன் மன்னன், இங்கே மூட்டை தூக்கியவர்.

கானாவின் பூர்வீகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். சித்தர் பாட்டு என்பார் ஒருவர். தப்ஸ் தட்டிக்கொண்டு வீதியில் வந்த பக்கிரிகள் பாட்டு என்பார் இன்னொருவர். ரெண்டுமே கானாவின் தத்துவப் பாட்டில் காதுக்குத் தெரிகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் நடந்ததைச் சூட்டோடு பாட்டாக்கும் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் குஜிலிப் பாட்டுகளைக் காட்டுவேன். பார்க் டவுன் பக்கம் குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் அவை. மட்டமான காகிதம், நெருக்கிப் பிடித்த எழுத்து. வெள்ளம் வந்தால் ஒரு சிந்து, ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, கொலை நடந்தால் கட்டாயம் ஒரு சிந்து. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது, பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்தியைக் கொண்டுபோனது இந்த மாதிரிப் பாட்டுதான். விற்பவரே முச்சந்தியில் நின்று பாடிக் காட்டுவார். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு புத்தகமே எழுதி, இந்தக் காகிதங்களுக்கு இலக்கிய வரலாற்றில் இடம் வாங்கிக் கொடுத்தார். 2004 டிசம்பரில் சுனாமி வந்து போன பிறகு எங்கள் குப்பங்களில் கட்டிய கானாக்களைக் கேட்டவர்களுக்கு அந்தச் சிந்துகளின் நடை அன்னியமாக இருக்காது. நாள், நேரம், தெரு, பெயர் என்று அதே வரிசையில் பாட்டு நகரும்.

போட்டிக் கானாவுக்கு லாவணிதான் மூத்த உறவு. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து விடிய விடியப் பாடுவார்கள் அல்லவா, அதே கேள்வி பதில் முறை. ஒருவர் விடுகதை போட்டுப் பாட்டை நிறுத்துவார். அடுத்தவர் அதே மெட்டில் அவிழ்க்க வேண்டும். இதில் தாளம் தப்புவதைவிடப் பதில் தாமதமாவதுதான் தோல்வி. இப்போது இந்தப் போட்டி குறைந்துவிட்டது, வருத்தம்தான்.

பாட்டு வளர்ந்த இடத்தையும் சொல்லவேண்டும். பி அண்ட் சி மில்லும் துறைமுகமும் ரயில்வே பட்டறையும் ஆள் எடுத்தபோது வட ஆற்காடு, செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் குடிசை போட்டார்கள். கையில் பறையும் நாவில் ஒப்பாரியும் இருந்தன. சென்னைக்கு வந்ததும் பக்கத்துத் தெருப் பக்கிரியின் மெட்டு, சர்ச் பாட்டு, டென்ட் கொட்டகைச் சினிமாப் பாட்டு எல்லாம் அதில் ஏறிக்கொண்டன. கானாவில் சுத்தம் தேடுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கலப்புதான் அதன் உடம்பு.

எங்கள் ஊர்ப் பங்கும் ஒன்று இருக்கிறது. விம்கோ என்பது 1923இல் சுவீடன்காரர்கள் இந்தியாவில் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி; அதன் ஆலை திருவொற்றியூரில் இருந்ததால்தான் ரயில் நிலையத்துக்கும் நகருக்கும் இந்தப் பெயர். 2021இல் வந்த மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். கப்பல் படம் போட்ட தீப்பெட்டியை வடசென்னையில் எல்லோருக்கும் தெரியும். கானாவுக்கு அது ஒரு வாத்தியம். பாதி குச்சி தீர்ந்த பெட்டியாகப் பார்த்து எடுக்கவேண்டும். இடது உள்ளங்கையில் தளர்வாக வைத்துக்கொண்டு வலது கையின் ரெண்டு விரல் நுனியால் தட்டினால் அட்டை ஒரு சத்தம், குலுங்குகிற குச்சிகள் ஒரு சத்தம். முழுப் பெட்டி ஊமை. காலிப் பெட்டி வெறும் டப்பா. ஷிஃப்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் டோலக்குக்கா போவார்கள்? தீப்பெட்டியும் பெஞ்சுப் பலகையும்தான் முதல் பள்ளிக்கூடம். இன்றைக்கு மேடையில் பெயர் எடுத்தவர்கள் பலரிடம் கேளுங்கள், முதலில் எதைத் தட்டினார்கள் என்று.

இந்த பெஞ்சுக் கானா அப்படியே ஏறிப் போனதுதான் ரயில் கானாவும் பஸ் கானாவும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் காலை யூனிட்டில் காலேஜ் பையன்கள் ஏறிவிட்டால் பெட்டியின் தகரச் சுவர்தான் மேளம். அதில் கேலி அதிகம், பொருள் குறைவு. ரூட்டுச் சண்டையும் பட்டாக்கத்தியும் அதோடு சேர்ந்துகொண்ட பிறகு எனக்கு அந்த வழியில் பிடிப்பு இல்லை. குரல் வளம் இருக்கிற பையன்கள் அங்கேதான் கண்ணில் படுகிறார்கள் என்பது மட்டும் உண்மை.

வாத்தியங்களைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். டோலக் பாட்டுக்குத் தோழன். குரல் இறங்கும்போது இறங்கும். சட்டி அப்படியில்லை. கிண்ணம் போல் குழிந்த உடம்பு, மேலே இழுத்துக் கட்டிய தோல், ரெண்டு மெல்லிய குச்சி. காகிதத்தைக் கொளுத்திச் சூடு காட்டியதும் தோல் விறைத்துக்கொண்டு தெருக்கோடி வரை வெட்டும். கட்டமேளம் அடியில் கனமாக நிற்கும். பிணம் எடுக்கும்போது வாசிப்பது சட்டியும் கட்டமேளமும். ராத்திரிப் பாட்டுக்கு டோலக்கும் தபேலாவும். ஒன்று பாடையோடு நடக்கிற தாளம், இன்னொன்று உட்கார்ந்து கேட்கிற தாளம். ரொம்ப காலம் இந்த ரெண்டும் ஒரே மேடையில் சேர்ந்ததில்லை. சட்டி அடிப்பவரை வாசலுக்கு உள்ளே உட்கார வைத்ததுமில்லை. சாதிதான் காரணம் என்று வடசென்னையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சினிமாவை விரைவாகக் கடந்துவிடலாம், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. 'சபாஷ் மீனா'வில் (1958) சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராகப் பேசிய பேச்சும், 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் வி. குமார் இசையில் மனோரமா பாடிய மெட்ராஸ் பாஷைப் பாட்டும் வாசலைத் திறந்தன. தொண்ணூறுகளில் தேவா அந்த வாசலை அகலமாக்கினார். 'காதல் கோட்டை'யில் (1996) அவரே பாடிய கானாவைத் தமிழ்நாடு முழுக்கப் பாடியது. தேவாவிடம் தாளமும் குறும்பும் பழுதில்லாமல் வந்தன. சாவு வீட்டின் கனம் வரவில்லை, அவர் அதைத் தேடவும் இல்லை. 2006இல் 'சித்திரம் பேசுதடி' வந்தபோது கானா உலகநாதன் தன் குரலோடு தன் முகத்தையும் திரையில் காட்டினார். மீன்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் அந்தப் பாட்டு ஒரு பட்டியல் பாட்டு. எந்த மீன் எந்த உறவு, யாருக்கு என்ன வேலை என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த உத்தி மரண கானாவில் சொந்தபந்தங்களை வரிசையாக அழைக்கும் அதே உத்திதான். சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் பலர் அதைக் கவனிக்கவில்லை.

சினிமாவில் மரண கானாவை மரண கானாவாகவே கேட்க 'மெட்ராஸ்' (2014) வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் படித்த புளியந்தோப்புக்காரர் கானா பாலா, 'அட்டகத்தி'யில் (2012) பா. ரஞ்சித், சந்தோஷ் நாராயணன் கூட்டில் பெயர் வாங்கியவர். 'மெட்ராஸ்' படத்தில் அன்பு என்ற பாத்திரம் கொல்லப்பட்ட பிறகு அவர் எழுதிப் பாடிய பாட்டில் கதாநாயகனுக்கான புகழ்ச்சி எதுவுமில்லை. ஒரு தெரு தன் பிள்ளையைப் பறிகொடுத்ததை ஒரு பாடகர் தெருவின் சார்பாகச் சொல்கிறார், அவ்வளவுதான். முன்வரிசை ஒப்புக்கொள்கிற பாட்டு அது. 'வடசென்னை' (2018) படத்தில் டோலக் ஜெகன் குரலையும் இதே வரிசையில் வைப்பேன். விஜி என்ற பாடகருக்கு மரண கானா விஜி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாவு வீட்டுப் பாடகன் என்று ஒதுக்கப் பயன்பட்ட சொல்லை அவர் பட்டமாகத் தலையில் சூடிக்கொண்டார்.

இப்போது பேண்டுக்கு வருகிறேன். என் மனசு தங்குகிற இடம் இதுதான். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கூட்டிய பத்தொன்பது பேர். பெயரை அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்தார்கள். சாதியற்ற தமிழர் என்று மக்கள்தொகைக் கணக்கில் எழுதச் சொன்னவர் அவர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கியவரும் அவர்தான். கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்ற அந்தக் கூட்டத்தில் சட்டி இருந்தது, கட்டமேளம் இருந்தது, டோலக்கும் பறையும் இருந்தன. கூடவே எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ். தெருவோடு நடந்த தாளமும் உட்கார்ந்து கேட்ட தாளமும் ஒரே மேடையில், ஒரே வெளிச்சத்தில். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை, மலக்குழி மரணம் என்று அவர்கள் எடுத்த பொருள்கள் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தன. எனக்கு அந்த மேளங்களே போதுமான சேதியாக இருந்தன.

ராக் இசைப் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கேட்டு அமெரிக்கத் தென்மாநிலப் பேண்டுகளை நினைத்துக்கொள்வார்கள். நியாயமான நினைவுதான். 1969இல் புளோரிடாவில் தொடங்கிய ஆல்மன் பிரதர்ஸ் பேண்டில் ரெண்டு டிரம்மர்கள்: புட்ச் ட்ரக்ஸ், ஜெய்மோ. ஒருவர் ரயில் போல நேராக ஓட்டுவார், மற்றவர் ஜாஸ் பழகிய கையால் இடுக்குகளை நிரப்புவார். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். நிறவெறி ஊறிய ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே வீட்டில் தங்கி வாசித்தார்கள். தலைவன் டுவேன் ஆல்மன் 1971இல் விபத்தில் செத்தான். ஆட்கள் மாறினார்கள், பேண்டு உடைந்து உடைந்து கூடி 2014 வரை ஓடியது. ஆட்கள் மாறியும் அவர்களை ஒன்றாக வைத்தது அந்த ரெட்டைத் தாளமும் ப்ளூஸ் என்கிற துக்கப் பாட்டும்தான். கேஸ்ட்லெஸ் கலெக்டிவிலும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ராப் பாடகர் அறிவு தனிப்பெயர் எடுத்தார். கானா முத்துவும் இசைவாணியும் 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) பாடினார்கள். ஆட்கள் பிரிந்துபோன இடங்களிலெல்லாம் அந்தச் சத்தமும் கூடப் போயிருக்கிறது என்பதுதான் ரசிகனாக எனக்குச் சந்தோஷம்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்மீது எனக்கு ஒரு குறை உண்டு. சில பாட்டுகளில் கிட்டார் ஏறி நிற்கும்போது சொல் அமுங்கிவிடுகிறது. ராக் கச்சேரியில் அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கானாவில் சொல் அமுங்கினால் பாட்டே இல்லை. எங்கள் தெருக்களிலும் இதே நோய் வேறு வழியில் வந்திருக்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எக்கோவை ஏற்றிவிட்டு, செத்தவர் பெயரே ரெண்டு மூன்று தடவை எதிரொலித்துக் குழம்பிப்போகும்படி செய்கிறார்கள். டென்மா மாதிரிக் கைதேர்ந்தவர்கள் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. தொகையறா இடங்களில் அவர்கள் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டுக் குரலைத் தனியாக விடும்போது பழைய வழியின் தரம் அப்படியே நிற்கிறது.

மெட்டு சொந்தமா, சினிமாவில் எடுத்ததா என்பது பெரிய கேள்வி என்று நான் நினைக்கவில்லை. தெரிந்த மெட்டில் தெரியாத சொல்லை வைப்பது கானாவின் பழைய வேலை. கேட்பவர் மெட்டுக்காகச் சிரமப்படாமல் சொல்லைப் பிடித்துக்கொள்வார். காவடிச் சிந்து மெட்டில் எத்தனை பேர் எத்தனை பாட்டு எழுதினார்கள்!

சகிக்க முடியாதது வேறு. பெண்ணை ஏமாற்றுக்காரி என்று திட்டுவதும், சின்னப் பெண்களைப் பற்றிக் கூசாமல் பாடுவதும், கத்தியைக் காட்டிப் பெருமை பேசுவதும் செல்போன் வழியாகப் பரவிக் கானா என்ற பெயரிலேயே நிற்கின்றன. சாவு வீட்டில் இதைப் பாட முடியுமா? முன்வரிசையில் தாயும் அக்காவும் இருக்கிறார்கள். முன்வரிசை இல்லாத இடத்தில் பாடிப் பழகியதால் வந்த வினை இது. பார்வைக் கணக்கு ஏறுகிறது என்பதால் யாரும் கையை நீட்டித் தடுப்பதில்லை, வாத்தியார்கள் தடுக்கவேண்டும்.

பெண்கள் பாட வந்ததைத்தான் இந்தக் காலத்தின் பெரிய திருப்பமாக நான் நினைக்கிறேன். ஒப்பாரி வைத்தது முழுக்கப் பெண்கள், மைக் பிடித்தது முழுக்க ஆண்கள் என்றுதான் எங்கள் கரையில் நெடுங்காலம் இருந்தது. ராயபுரத்துப் பெண் இசைவாணி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானா பாடியபோது அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அவர் குரலில் எனக்குப் பிடித்தது, கானாவின் அடித்தொண்டையை அவர் நகல் எடுக்காததுதான். ஒப்பாரியிலிருந்து வருகிற மேல்ஸ்தாயி இழுப்பு அவரிடம் இருக்கிறது. மேடைக்கு வந்துவிட்டார்கள், சரி. சாவு வீட்டு ராத்திரியில் பெண் பாடகியைக் கூப்பிட்டு, சம்பளம் பேசி, விடியும் வரை பாதுகாப்பாக உட்கார வைக்கிற தெருக்கள் இன்னும் பெருகவில்லை. அது பெருகும் நாளில் மரண கானாவின் சொல்லே மாறும்.

நீலம் அமைப்பு 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' கானாவை மார்கழிப் பட்டியலில் ஏற்றிவிட்டது. நல்ல காரியம். இன்னும் ஒன்று பாக்கி. வாத்தியார்கள் வீடுகளில் பரண்மேல் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் பெயர், தெரு, தேதி, கட்டிய பாட்டு. வெள்ளம் வரும்போது முதலில் நனைவது அவைதான். குஜிலிப் பாட்டுகளை மட்டக் காகிதம் என்று தள்ளாமல் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த அலமாரிக்குப் பக்கத்தில் இந்த நோட்டுகளுக்கும் இடம் வேண்டும். செத்தவர்களின் வீட்டாரிடம் கேட்டு, பாடியவர்களின் பெயரோடு, ஒலிப்பதிவு கிடைத்தால் அதையும் சேர்த்து வைக்கவேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் தெருக்களில் இப்போது நிறைய இருக்கிறார்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று பகுதி பிரித்துக்கொண்டு இந்த வருஷமே தொடங்கலாம்.